கசப்பு வாதுமை வேலி
முகத்துவாரத்தின் கதை – 12

லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் நின்றால் முதுகுப்பக்கம் ஏரி, முகத்துக்கு நேரே கடல். நடுவே ஒரு மணல் திட்டு. அதன்மேல் வீடுகள், வலைகள், கவிழ்த்துப் போட்ட படகுகள், விளக்குக் கோபுரம். சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் அங்கே போயிருந்தேன். வலையில் சிக்கிய நண்டை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்துவாரம் தூர்ந்துபோவதைப் பற்றித்தான் முதலில் பேசினார். பிறகு கடலைக் காட்டி, "இந்த அலையைத் தாண்டுறவரைக்கும்தான் சார் பயம். தாண்டிட்டா கரை நம்ம கையில இல்ல" என்றார்.

அவர் சொன்னது தன் படகைப் பற்றி. எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

இந்தக் கரை ஆழமில்லாதது. பழவேற்காட்டுக்கு வந்த டச்சுக் கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டுத்தான் நின்றன. துணிமூட்டை, வெடியுப்பு, வெடிமருந்து எல்லாம் சிறு படகுகளில் ஏறி, இந்த அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போயின. மனிதர்களையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். விலைக்கு வாங்கப்பட்ட ஆணும் பெண்ணும் குழந்தையும் இந்த அலை வரைக்கும் தங்கள் மண்ணில் இருந்தார்கள். அலைக்கு அப்பால் அவர்கள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சொத்து.

கெல்ட்ரியா கோட்டை 1613ல் எழுந்த கதையைச் சென்ற அத்தியாயங்களில் பார்த்தோம். விஜயநகர அரசர் வெங்கடபதி ராயரின் அனுமதியோடு 1610ல் டச்சுக்காரர்கள் இங்கே பண்டகசாலை போட்டதும், 1612ல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அதைச் சூறையாடியதும், அதன் பிறகே கோட்டை வந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோட்டைக்குள்ளிருந்து கிளம்பிய ஒரு பெண்ணின் பாதையில் இந்த இதழில் போகப்போகிறோம். அது நீண்ட பாதை. பழவேற்காட்டிலிருந்து ஜாவா, ஜாவாவிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனை. மேய்ச்சல் நிலத்துக்காகவும், தப்பியோடிய அடிமைகளுக்கு யார் இடம் கொடுத்தது என்ற கேள்வியாலும் ஒரு தேசத்தின் முதல் எல்லைச் சண்டை மூண்டபோது, இந்த ஏரிக்கரைப் பெண் அங்கே இருந்தாள்.

முதலில், ஆட்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பது. 1619ல் யான் பீட்டர்சூன் கூன் ஜாவாவில் படேவியாவை நிறுவினார். இன்றைய ஜகார்த்தாதான் அது. 1621ல் அதே கூன் ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளைப் படையெடுத்துப் பிடித்தார். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவுகளில் ஆயிரம் பேர் அளவுக்கே மிஞ்சினார்கள். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், நாடு கடத்தப்பட்டார்கள், ஓடிப்போனார்கள். தோட்டம் இருந்தது, மரம் இருந்தது, காய் பறிக்க ஆள் இல்லை. ஆளுக்காகக் கம்பெனி பார்த்த இடங்களில் ஒன்று நம்முடைய சோழமண்டலக் கரை.

இங்கே ஆள் எப்படிக் கிடைத்தார்கள் என்பதைச் சொல்ல மனம் கூசுகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். விஜயநகரம் உடைந்துகொண்டிருந்த காலம். நாயக்கர்களும் பாளையக்காரர்களும் ஒருவரோடொருவர் மோதினார்கள். போர் வந்தால் வயல் எரியும், வயல் எரிந்தால் பஞ்சம். பஞ்சத்தில் பெற்றவர்களே பிள்ளைகளை விற்றார்கள், சிலர் தங்களையே விற்றுக்கொண்டார்கள். வாங்கிக் கோட்டையில் சேர்த்தவர்கள் உள்ளூர்த் தரகர்கள். டச்சுக்காரர்கள் ஊர் ஊராகப் போய்ப் பிடிக்கவில்லை. பணத்தை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். மற்றதை நம்மவர்கள் செய்தார்கள். 1622, 1623ஆம் ஆண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் ஏற்றப்பட்டார்கள். கையில் இன்னும் பணம் இருந்திருந்தால் மேலும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். 1646ல் மறுபடி பஞ்சம். அந்த ஆண்டு படேவியாவுக்குப் போனவர்கள் 2,118 பேர், பெரும்பாலும் தெற்குச் சோழமண்டலத்திலிருந்து. ஒற்றைப்படை வரைக்கும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். சரக்குக் கணக்கு தப்பக்கூடாது அல்லவா.

இந்த எண்களுக்குள் அடங்கிய ஒருத்தி 1631 வாக்கில் பழவேற்காட்டில் பிறந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் கம்பெனி ஏட்டில் ஏறவில்லை. ஏறியது 'கத்தரினா வான் பாலியகட்டா'. டச்சு மொழியில் 'வான்' என்றால் 'இன்ன இடத்தைச் சேர்ந்த' என்று பொருள். பாலியகட்டா என்பது பழவேற்காடு டச்சு நாக்கில் சிதைந்த வடிவம். அடிமைகளுக்கு இப்படித்தான் பெயர் வைத்தார்கள்: அந்தோனி வான் பெங்காலே, க்ளாஸ் வான் மலாக்கா, ஆபிரகாம் வான் படேவியா. அப்பன் பெயரும் குலப் பெயரும் இருக்க வேண்டிய இடத்தில் ஏற்றுமதித் துறைமுகத்தின் பெயர். ஆனால் அந்தப் பெயர்தான் இன்று அவளை நம் ஊர்க்காரி என்று அடையாளம் காட்டுகிறது. ஆள் சற்று வாட்டசாட்டமானவள் போலிருக்கிறது. 'பெரிய கத்தரின்' என்றும் ஏடுகள் அவளைக் குறிக்கின்றன.

1656ல் அவள் படேவியாவில் அடிமை. க்ளாஸ் வான் மலாக்கா என்ற அடிமைக்கும் அவளுக்கும் உறவு. ஒருநாள் சண்டையில் அவன் அவளைத் தாக்கினான், அவள் திருப்பித் தாக்கினாள். பட்ட அடியில் அவன் இறந்துபோனான். தன்னைக் காத்துக்கொள்ள அடித்தேன் என்று ஓர் அடிமைப் பெண் சொன்னால் எவ்வளவு எடுபடும்? கம்பத்தில் கட்டிக் கழுத்தை நெரித்துக் கொல்லத் தீர்ப்பானது. பிறகு மேலிடம் அந்தத் தண்டனையைக் குறைத்து, கைதியாக நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தியது. 'பிரின்ஸ் வில்லெம்' என்ற கப்பலில் 1657 பிப்ரவரியில் அவள் அங்கே இறக்கப்பட்டாள். அந்தக் குடியேற்றத்தின் ஆவணங்களில் இடம்பெறும் முதல் பெண் கைதி நம் பழவேற்காட்டுக்காரி.

கேப் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்த இடம் அப்போது ஐந்து வயதுக் குழந்தை. 1652 ஏப்ரலில் யான் வான் ரீபெக் அங்கே இறங்கி, மண்ணால் ஒரு கோட்டை கட்டினார். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் போகிற வருகிற கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் கொடுப்பதற்கான இடம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அங்கே வந்து சேர்ந்த முதல் அடிமையே தப்பியோடியவர்தான். மேலே பெயர் சொன்ன ஆபிரகாம் வான் படேவியா 1653ல் எசமானிடமிருந்து தப்பி, கப்பலில் ஒளிந்து கேப் வந்து சேர்ந்தார். கொஞ்ச காலம் வேலை வாங்கிக்கொண்டு, பிறகு படேவியாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த நிலத்தில் ஏற்கெனவே மனிதர்கள் இருந்தார்கள். கோய்கோய் என்ற மேய்ச்சல் மக்கள். மாடும் ஆடும் ஓட்டிக்கொண்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிறவர்கள். வேலி என்பது அவர்கள் வாழ்க்கையில் கிடையாது. நம் பக்கத்தில் கீதாரிகள் கிடை போட்டு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாழ்க்கை உடனே பிடிபடும். கம்பெனிக்கு இறைச்சி அவர்களிடமிருந்துதான் கிடைத்தது. ஆகவே கோய்கோய்களை அடிமையாக்கக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. இரக்கத்தால் பிறந்த உத்தரவு என்று நினைக்க வேண்டாம். மாடு விற்கிறவனைப் பகைத்துக்கொண்டால் கப்பலுக்குக் கறி ஏது?

கத்தரினா இறங்கிய அதே 1657 பிப்ரவரியில்தான் வான் ரீபெக் முதன்முறையாகக் கம்பெனி வேலையிலிருந்து விடுபட்ட வெள்ளையர்களுக்கு லீஸ்பெக் ஆற்றங்கரையில் நிலம் கொடுத்தார். அது கோய்கோய்கள் காலங்காலமாக மாட்டை ஓட்டிவந்த மேய்ச்சல். உழவு தொடங்கியதும் ஆள் பஞ்சம் வந்தது. 1658 மார்ச்சில் 'ஆமர்ஸ்ஃபோர்ட்' கப்பல், அங்கோலாவிலிருந்து வந்த ஒரு போர்த்துக்கீசிய அடிமைக் கப்பலைக் கடலில் மறித்துப் பறித்த மனிதர்களைக் கொண்டுவந்து இறக்கியது. பெரும்பாலும் சிறுவர் சிறுமியர். மே மாதம் 'ஹாசெல்ட்' கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவின் போப்போ கரையிலிருந்து 228 பேரை இறக்கியது. இரண்டு மாதத்துக்குள் அந்தச் சின்னஞ்சிறு குடியேற்றம் அடிமைகள் நிறைந்த ஊராகிவிட்டது.

அவர்கள் ஓடினார்கள். சில வாரங்களுக்குள்ளேயே ஓடத் தொடங்கிவிட்டார்கள். வடக்கே நடந்துகொண்டே இருந்தால் சொந்த நாடு வந்துவிடும் என்று நம்பினார்கள். அங்கோலா எத்தனை ஆயிரம் மைல் என்று அவர்களுக்கு யார் சொல்வது? பசி திருப்பி அனுப்பிய சிலர் வந்தார்கள். பலர் வரவில்லை.

வராதவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் அந்த 1658 ஜூன் மாதத்தின் கேள்வி. வெள்ளை விவசாயிகள் கோட்டைக்கு வந்து முறையிட்டார்கள்: கோய்கோய்கள் ஒளித்துவைத்திருக்கிறார்கள், அவர்கள் தலைவரைப் பிடித்துவைத்தால் தானாக அடிமைகள் வருவார்கள் என்று. கோட்டைக்கு மிக அருகில் மேய்ந்த கோரிங்கைக்குவா குழுவின் தலைவர் கொகோசோவா. வான் ரீபெக் அவருடைய மகன்களைப் பிணையாகப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார். ஓடிப்போனவர்களைக் கொண்டுவா, பிள்ளைகளை அழைத்துப்போ என்பது பேரம்.

இங்கே ஒரு காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

வான் ரீபெக்கின் வீட்டில் குரோத்தோவா என்ற கோய்கோய்ச் சிறுமி வளர்ந்துகொண்டிருந்தாள். அப்போது பதினைந்து, பதினாறு வயது இருக்கும். டச்சுக்காரர்கள் அவளை ஏவாள் என்று அழைத்தார்கள். அவள் டச்சும் பேசுவாள், போர்த்துக்கீசியமும் ஓரளவு பேசுவாள். கம்பெனிக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர். அதே கோட்டையில் தளபதி வான் ரீபெக்கின் வீட்டுத் துணி வெளுக்கிறவள் கத்தரினா வான் பாலியகட்டா. பழவேற்காட்டிலும் படேவியாவிலும் பல இன மக்கள் ஒருவரோடொருவர் பேசப் பயன்பட்டது போர்த்துக்கீசியமே. ஆகவே அந்த இரண்டு பெண்களுக்கும் பேசிக்கொள்ள ஒரு மொழி இருந்திருக்கும் என்று நம்ப இடமுண்டு. ஒருத்தி தன் சொந்த நிலத்திலேயே அந்நியர் வீட்டில் வளர்கிறாள். இன்னொருத்தி இரண்டு கடல் தாண்டி வந்த கைதி. அடைபட்ட பிணைக்கைதிகள் குரோத்தோவாவின் மக்கள். தேடப்படுகிறவர்களோ கத்தரினாவைப் போல விற்கப்பட்டவர்கள். துவைகல்லில் துணி அடித்துக்கொண்டே அந்தக் களேபரத்தை நம் ஊர்ப் பெண் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

ஓடிவந்தவர்களைக் கோரிங்கைக்குவாக்கள் உள்நாட்டுக் குழுக்களிடம் அனுப்பிவிட்டார்கள் என்று குரோத்தோவா வான் ரீபெக்கிடம் சொன்னாள். அதனால் அவளுக்கும் தோமான் என்ற மற்றொரு மொழிபெயர்ப்பாளருக்கும் தீராத பகை மூண்டது. தோமான் சாதாரண ஆளில்லை. 1657ல் கம்பெனியின் ஆணையர் ரைக்லோஃப் வான் கூன்ஸ் என்பவரோடு படேவியாவுக்குப் போய், டச்சுக்காரர்கள் ஓர் ஊரைப் பிடித்தால் அந்த ஊர் மக்கள் என்ன ஆவார்கள் என்பதைக் கண்ணால் கண்டு திரும்பியவர்.

அந்த வான் கூன்ஸை நாமும் அறிவோம். 1658ல் தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து அடுத்தடுத்துப் பிடித்தது அவர் படைதான். அடுத்த சில ஆண்டுகளில், பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைப் பாழாக்கியபோது, 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 பேர். பெரும்பகுதியினர் இலங்கைக்குப் போனார்கள். அதே வான் கூன்ஸ் முன்னதாகக் கேப்புக்கு வந்தபோது, தீபகற்பத்தை உள்நாட்டிலிருந்து துண்டாக்க ஒரு கடல் முதல் மறுகடல் வரை கால்வாய் வெட்டிவிடலாமா என்று யோசனை சொன்னார். அந்த மண்ணில் அது நடக்காது என்று வான் ரீபெக் சொல்லிவிட்டார். ஆனால் நிலத்தை வெட்டித் தனியாக்கும் எண்ணம் அன்றே விழுந்துவிட்டது.

பிணைக்கைதிகள் விடுபட ஓர் உடன்படிக்கை நடந்தது. குரோத்தோவாவின் மாமன் ஔட்சுமாட்டோவைப் பிடித்து ராபன் தீவுக்கு அனுப்பினார்கள். கடலால் வேலியிட்ட அந்தச் சிறைத்தீவின் முதல் கைதிகளில் அவர் ஒருவர். மறு ஆண்டு ஓட்டைப் படகு ஒன்றில் கடல் தாண்டித் தப்பினார். மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு நெல்சன் மண்டேலா அடைபட்ட தீவும் அதுதான். இவ்வளவு செய்தும் ஓடியவர்களில் பெரும்பாலோர் அகப்படவில்லை. அஞ்சிப்போன விவசாயிகள் சிலர் அடிமைகளைக் கம்பெனியிடமே திருப்பிக் கொடுத்தார்கள். மிஞ்சிய ஆண்களுக்குச் சங்கிலி ஏறியது.

1659 மே மாதம் போர் வெடித்தது. தோமான்தான் தலைவர். மழை நாளாகப் பார்த்துத் தாக்கினார். மழையில் டச்சுத் துப்பாக்கியின் திரி பற்றாது என்பதைக் கோட்டைக்குள் இருந்தபோதே கவனித்துவைத்திருந்தார். மாடுகளை ஓட்டிப்போனார்கள், பயிர்களை அழித்தார்கள். போருக்கு முதல் காரணம் மேய்ச்சல் நிலம். அதற்கு முந்தைய ஆண்டின் பிணைக்கைதிகளும் ராபன் தீவும் அந்தத் தீயில் எண்ணெயாகச் சேர்ந்தன. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1660ல் சமாதானம் பேச வந்தபோது கோய்கோய்கள் கேட்ட கேள்வியை வான் ரீபெக்கே தன் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். நிலம் இருவருக்கும் போதாது என்றால் விலக வேண்டியவர் யார், சொந்தக்காரரா, வந்தேறியவரா என்பது அதன் சாரம். போரில் தோற்றீர்கள், வாளால் வென்ற நிலம் இது என்பதே வான் ரீபெக்கின் பதில்.

பதிலோடு நிற்கவில்லை. அந்த ஆண்டே எல்லை போட்டார்கள். ஆங்காங்கே காவல் கோபுரங்கள். அவற்றின் பெயர்களைத் தமிழாக்கினால் 'வெளியே பார்', 'பசுவைத் திருப்பு', 'காளையை நிறுத்து' என்று வரும். நடுவே மரக்கம்பு வேலி. பிறகு ஓர் உயிர்வேலி. நம் ஊரில் கிளுவையும் கள்ளியும் வைத்துத் தோட்டத்துக்கு உயிர்வேலி போடுகிறோமே, அதே போல அங்கே காட்டு வாதுமை நட்டார்கள். அந்தப் பக்கத்திலேயே வளரும் மரம். கிளை தரையோடு படர்ந்து பின்னிக்கொள்ளும், மாடு நுழையாது. கொட்டை கடும் கசப்பு, பச்சையாகத் தின்றால் நஞ்சு. கோய்கோய்கள் அதை ஊறவைத்து, வேகவைத்து, கசப்பை நீக்கிச் சாப்பிடக் கற்றிருந்தவர்கள். அவர்கள் உணவாக்கிக்கொண்ட மரத்தையே அவர்களை வெளியே நிறுத்தும் வேலியாக்கினார்கள்.

உள்ளே இருக்கும் மாடு வெளியே போகக் கூடாது, வெளியே இருக்கும் மனிதன் உள்ளே வரக் கூடாது என்பது அந்த வேலியின் வெளிப்படையான நோக்கம். ஆனால் அது உள்ளே இருந்த அடிமைக்கும் ஒன்றைச் சொன்னது. இதற்கு அப்பால் போனால் நீ இவர்கள் சொத்து இல்லை என்று. பின்னாளில் அங்கே எத்தனையோ பேர் அந்த எல்லையைத் தாண்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஹாங்கிளிப் முனையின் பாறைக் குகைகளில் தப்பியோடியவர்கள் கூட்டமாக வாழ்ந்தார்கள். மீன் பிடித்தார்கள், வழிப்பறியும் செய்தார்கள், பிடிபட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், மறுபடி புதியவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

உலகின் வேறு இடங்களிலும் இந்தக் கதை உண்டு. வட அமெரிக்காவில் ஆங்கிலேயரின் கரோலினாவிலிருந்து தப்பி, எல்லை தாண்டி ஸ்பெயினின் ஃபுளோரிடாவுக்கு வருகிற அடிமைகளுக்கு விடுதலை என்று 1693ல் ஸ்பெயின் அரசர் அறிவித்தார். 1738ல் புனித அகஸ்டின் நகருக்கு அருகே மோசே என்ற ஊரே அவர்களுக்காக எழுந்தது. இரண்டு ஆண்டுகளில் ஆங்கிலப் படை வந்து மோதியது. அங்கே புகலிடம் கிடைத்ததற்குக் காரணம், இரண்டு அரசுகள் பகையாளிகளாக இருந்ததும், ஓடிவந்தவர் தனக்குப் படைவீரராகப் பயன்படுவார் என்று ஸ்பெயின் கணக்குப் போட்டதும். மதம் மாற வேண்டும், துப்பாக்கி பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருந்தன. ஆனாலும் புகலிடம் புகலிடம்தான். அங்கே பிறந்த குழந்தைகள் விற்கப்படவில்லை.

நம் கரைக்குத் திரும்புவோம். பழவேற்காட்டில் டச்சுக்காரர். தெற்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் 1640 முதல் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டை. அதையொட்டி போர்த்துக்கீசியரின் சாந்தோம். மூவரும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். அப்படியானால் கெல்ட்ரியாவின் வாசலில் விற்கப்படவிருந்த ஒருத்தி இரவோடிரவாக மணல் வழியே தெற்கே ஓடியிருந்தால் சென்னையில் அவளுக்கு ஒரு மோசே கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்பதற்குச் சென்னைக் கோட்டையின் பதிவுகளே சாட்சி. 1683ல் அடிமை ஏற்றுமதிக்கு அங்கே தடை போட்டார்கள். 1687ல் பஞ்சம் வந்ததும் தடை காற்றில் போனது. ஏற்றப்படும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வராகன் சுங்கம் என்று வைத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். எலைஹூ யேல் ஆளுநராக இருந்த காலம் அது. 1688ல் மறுபடி தடை வந்தது. கோல்கொண்டாவை முந்தைய ஆண்டு பிடித்திருந்த முகலாயர்களுக்குத் தங்கள் குடிகள் கடல் கடந்து போவது பிடிக்கவில்லை, அவர்களைப் பகைக்க ஆங்கிலேயருக்குத் துணிவில்லை. அந்தத் தடையும் அச்சத்தால் போட்ட தடையே.

என் முடிவு இது: இந்தக் கரையில் பகையாளிகள் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் புகலிடம் ஒன்று உருவாகவில்லை. ஏனென்றால் மூவரும் ஒரே சந்தையில் வாங்கினார்கள். கேப்பில் ஓடியவனுக்கு இடம் கொடுத்தவர்கள் சந்தைக்கு வெளியே இருந்த மேய்ச்சல் மக்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பிள்ளைகளின் சிறை, பின்பு நிலம். புகலிடத்தை ஒரு கொடியும் கோட்டையும் கொடுக்கும் என்று காத்திருந்தவர்கள் காத்தே போனார்கள்.

சட்டம் வந்து சேர நெடுநாள் ஆனது. அடிமை ஏற்றுமதியைத் தடைசெய்யும் ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் அறிவிப்பு 1789ல் வந்தது. பழவேற்காட்டுக் கோட்டையை 1795ல் ஆங்கிலேயர் பிடித்துப் பின்னர் இடித்தார்கள். 1818ல் ஊர் மறுபடி டச்சுக்காரர் கைக்குப் போய், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் 1825ல் நிரந்தரமாக ஆங்கிலேயரிடம் வந்தது. கேப்பில் அடிமைமுறை ஒழிப்பு 1834 டிசம்பரில் அமலானாலும், உண்மையான விடுதலைக்கு 1838 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்டப் பாதுகாப்பை விலக்கிய சட்டம் 1843ல். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் 1860ல்.

கத்தரினாவை விட்ட இடத்துக்கு வருகிறேன். அவள் ஓடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வந்த தளபதிகளின் வீட்டுத் துணியை வெளுத்துக்கொண்டு, ஆண்டுகளைக் கடத்தினாள். 1668ல் ஞானஸ்நானம் பெற்றாள். 1669ல் ஒரு மகன் பிறந்தான். தகப்பன் ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன் என்ற ஜெர்மானியச் சிப்பாய். 1671ல் மன்னிப்பும் விடுதலையும் கிடைத்தன. அதே ஆண்டு அந்தோனி யான்ஸ் வான் பெங்காலே என்ற விடுதலை பெற்ற வங்காளியை மணந்தாள். கணவனும் மனைவியுமாகச் சொந்தக் காலில் நின்றார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு அந்த வாழ்வு வாழ்ந்து, 1680களின் தொடக்கத்தில் மறைந்தாள். கழுத்தை நெரிக்கக் கம்பம் தயாராக இருந்த ஒருத்திக்கு, அந்தக் கம்பத்துக்கும் சாவுக்கும் நடுவே கால் நூற்றாண்டு கிடைத்தது. அதில் பாதி அவளுடையது. குரோத்தோவாவுக்கு அதுகூட வாய்க்கவில்லை. கணவனை இழந்து, ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1674ல் இறந்தாள்.

1652 முதல் 1808 வரை கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்று தென்னாப்பிரிக்க வரலாற்றாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர். தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு என்றால் 1860ல் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன கப்பலிலிருந்தே தொடங்குவது நம் வழக்கம். அதற்கு 200 ஆண்டுக்கு முன்பே அங்கே ஒரு பழவேற்காட்டுப் பெண் இருந்தாள் என்பதை நம் பாடப்புத்தகங்களில் சேர்த்தாக வேண்டும்.

காட்டு வாதுமை வேலியின் ஒரு துண்டு இன்றும் கேப் டவுனின் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் உயிரோடு இருக்கிறது. கிளைகள் தரையில் படுத்துப் பின்னிக்கிடக்கின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்திருக்கிறார்கள்.

இங்கே பழவேற்காட்டிலும் ஒரு பாதுகாக்கப்பட்ட சின்னம் இருக்கிறது. டச்சுக் கல்லறை. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள், உள்ளே வணிகர்களும் தளபதிகளும். விடுமுறை நாட்களில் சென்னையிலிருந்து வருகிறவர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு, எறா வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அதில் தவறில்லை. கத்தரினாவின் மகன் கிறிஸ்டோஃபல் வழியாகப் பெருகிய ஸ்னைமன் குடும்பத்தினர் தென்னாப்பிரிக்காவில் இன்று ஏராளம். அவர்களில் யாராவது ஒருநாள் பாட்டியின் ஊரைத் தேடிப் பழவேற்காட்டுக்கு வந்து இறங்கினால், ஊர்க்காரர்களே, அவர்களைக் கல்லறையோடு திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்கு அழைத்துப் போய், அலை உடைகிற இடத்தைக் காட்டுங்கள்.